ஆறு மாத எலும்பு

பிரிஸ்பேனில் தாடை அறுவை மருத்துவர் பத்தரை மணிக்குத்தான் நேரம் கொடுத்திருந்தார். இலைத்தியாவும் விலிமோனேயும் எட்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் வேலை செய்யும் மெரிங்கலிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். வழியில் வேன் மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்று பயந்து விடியும் முன்பே கிளம்பியிருந்தார்கள். வேன் ஒரு கோளாறும் செய்யவில்லை. இப்போது இரண்டு பேரும் முழங்கால்களில் கையை வைத்துக்கொண்டு, தலைமையாசிரியர் அறை வாசலில் நிறுத்தப்பட்டவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

இருவரும் இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டிருந்தார்கள். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்திருந்தார்கள். ஆனாலும் மூன்று வருஷம் மாட்டுக்கறி ஆலையில் நின்றவன் மேலிருந்து அந்தக் கொழுப்பு வாடை லேசில் போகாது. எதிரே இருந்த அம்மாள் பத்திரிகை எடுக்க எழுந்தாள். திரும்பும்போது தள்ளியிருந்த வேறொரு நாற்காலியைப் பார்த்துப் போய்விட்டாள்.

"உன் வாடைதான் மச்சான்," என்றான் விலிமோனே.

மற்ற நாளாக இருந்தால் இலைத்தியா நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பான். விலிமோனே அவனுக்கு மாமன் மகன். அவர்கள் நாடான ஃபிஜியில் மாமன் மகனும் அத்தை மகனும் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருப்பது உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. ஆனால் இலைத்தியா கையால் வாயைப் பொத்திக்கொண்டான். ஒரு மாதத்துக்கு மேலாக இதே பழக்கம். மேல் வரிசையில் முன்பற்கள் நான்கு இல்லை. பல் மட்டும் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அவை ஊன்றியிருந்த எலும்பும் நொறுங்கி, மேலுதடு உள்ளே விழுந்து, முப்பத்து நான்கு வயதுக்காரன் முகத்தில் எழுபது வயதுக் கிழவனின் வாய் வந்து உட்கார்ந்துவிட்டது. பேசினால் பாதிச் சொல் காற்றாகப் போனது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் பாட்டுக்கு முதல் குரல் எடுத்துக் கொடுப்பவன் அவன்தான். இப்போது கடைசி வரிசையில் நின்று உதட்டை மட்டும் அசைக்கிறான்.

டாக்டர் ஹென்லி உயரமான, அவசரப்படாத பெண்மணி. போன வாரம் எடுத்த ஸ்கேனைத் திரையில் போட்டுக் காட்டினாள்.

"இம்ப்ளான்ட்ங்கிறது திருகாணி மாதிரி. அது எலும்புக்குள்ள இறங்கணும். உங்களுக்கு இந்த இடத்துல எலும்பே காகிதம் மாதிரி இருக்கு. நட்டா நிக்காது. அதனால இன்னைக்கு எலும்பைக் கட்டப் போறோம். மாட்டெலும்பைச் சுத்தம் பண்ணி, பொடியாக்கி வச்சிருக்கோம். அதை ஈறுக்குள்ள நிரப்பி, மேல மெல்லிசா ஒரு சவ்வைப் போட்டுத் தைச்சிடுவேன். அதைப் பிடிச்சுக்கிட்டு உங்க எலும்பு மெதுவா வளரும்."

"மாட்டெலும்பா?" விலிமோனே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "எங்க ஆலையிலேருந்தா வருது டாக்டர்?"

"அது எனக்குத் தெரியாது."

"கேட்டு வையுங்க. எங்களுதா இருந்தா இவனுக்குச் சலுகை உண்டு. மச்சான், ராத்திரி தூக்கத்துல 'அம்மா'ன்னு கத்தினா வெளியில கொண்டுபோய்க் கட்டிடுவேன், ஆமா."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தாள். இலைத்தியாவும் சிரித்தான், கையை எடுக்காமல்.

ஊசி போட்டுக் கால் மணி நேரம் கழித்து, "மரத்துப் போச்சா?" என்று கேட்டாள். வாய்க்குள் பஞ்சு இருந்ததால் இலைத்தியா புருவம் இரண்டையும் தூக்கினான். அவன் ஊரில் அதற்கு 'ஆமாம்' என்று அர்த்தம். அவள் பயந்துபோய் இன்னொரு ஊசி போட்டாள். "இப்போ?" மறுபடியும் தூக்கினான். மூன்றாவது ஊசியை அவள் எடுக்கும்போது வாசலில் நின்ற விலிமோனேதான் ஓடி வந்து விளக்கினான். அன்று மாலை வரை இலைத்தியாவுக்கு மூக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

தையல் முடிந்ததும் டாக்டர் விரலை நீட்டி எச்சரித்தாள். "ஆறு மாசம். அதுக்கு முன்னால திருகினா எல்லாம் பாழ். ஆறு மாசத்துக்கு மேல ரொம்ப விட்டாலும் கஷ்டம். மேல பல்லு இல்லைன்னா எலும்பு தனக்கு வேலை இல்லைன்னு நினைச்சுக் கரைய ஆரம்பிச்சிடும். ஒரு வருஷத்துக்குள்ள முடிச்சாகணும். மே மாசக் கடைசியில வாங்க."

வரவேற்பில் இருந்த பெண் மே இருபத்தெட்டு, காலை ஒன்பதே கால் என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தாள். விலிமோனே வேனை எடுத்தான். ஊரைத் தாண்டி, சாலையின் இரண்டு பக்கமும் வெறும் புல்லாக ஆன பிறகு கேட்டான்.

"உன் ஒப்பந்தம் பிப்ரவரியோட முடியுதில்ல?"

இலைத்தியா வீங்கிய வாயால், "புதுப்பிச்சுடுவாங்க," என்றான். மூன்று வருஷத்தில் இரண்டு முறை புதுப்பித்திருக்கிறார்கள். ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. புதுப்பிக்காமல் என்ன?

விலிமோனே சாலையைப் பார்த்தே ஓட்டினான். கண்ணைத் துடைக்க இரண்டு முறை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

அந்தப் பற்களைத் தட்டியது விலிமோனேயின் கைதான்.

அக்டோபர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, தோலுரிக்கும் இயந்திரத்தில் சங்கிலி சிக்கிக்கொண்டது. ஆலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் பூட்டு உண்டு. அதில் அவனவன் பெயரும் படமும் ஒட்டியிருக்கும். இயந்திரத்துக்குள் கையை விடுமுன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சுப் பெட்டியில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் பாடமே அதுதான். ஒழுங்காகச் செய்தால் நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷத்தை சூப்பர்வைசர் கிரெய்க் தன் சொந்தச் சொத்தைப் பிடுங்குவது போலப் பார்ப்பான்.

"பின்னால பதினெட்டு மாடு தொங்குது! பூட்டை அப்புறம் கொஞ்சலாம், ஏறிச் சங்கிலியை எடு!" என்று கத்தினான். வாரத்தில் மூன்று நாளாவது அப்படித்தான் கத்துவான். இலைத்தியா ஏறினான். சங்கிலி விடுபட்டது. அவன் தலையை வெளியே எடுக்குமுன் கிரெய்க், இயந்திரத்தை ஓட்டும் பட்டனருகே நின்ற விலிமோனேயின் தோளில் ஓங்கித் தட்டி, "போடு, போடு!" என்றான். விலிமோனே போட்டான். சங்கிலியின் நுனி சுழன்று வந்து வாயில் அடித்தது. பற்கள் தரையில் ஓடிய தண்ணீரோடு வடிகாலுக்குள் போயின. யாரும் தேடவில்லை. அந்த வடிகாலில் தினமும் என்னென்னவோ போகிறது.

பத்து நாள் கழித்து, கடல் தாண்டி ஃபிஜியின் கடாவு தீவில், விலிமோனேயின் அப்பா ஊர் முறைப்படி மன்னிப்புக் கேட்க, திமிங்கிலப் பல் ஒன்றை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இலைத்தியாவின் வீட்டு வாசலில் போய்த் தலைகுனிந்து உட்கார்ந்தார். சொந்தத் தங்கை வீடு. நினைத்த நேரத்தில் உள்ளே நுழைந்து பானையைத் திறந்து பார்க்கிறவர். அன்று வாசலைத் தாண்டவில்லை. "என் மகன் கை உங்க மகன் மேல பட்டுப் போச்சு. பொறுத்துக்கணும்," என்றார். இலைத்தியாவின் அப்பா பல்லை வாங்கிக்கொண்டார். கைகளைக் குவித்து மூன்று முறை தட்டினார். அத்தோடு அந்தக் குற்றம் தீர்ந்தது. அதற்கப்புறம் அதை எடுத்துப் பேசினால், வாங்கியவரின் கையை நாமே வெட்டியது போல.

அன்றைக்கே அப்பா வீடியோவில் வந்தார். "வாங்கிட்டேன்பா. முடிஞ்சுது. இனிமே எங்கேயும் இந்த விஷயத்துல விலிமோனே பேரு வரக்கூடாது. உன் மாமா முகத்தை நான் பாக்கணும்."

"சரிப்பா."

அம்மா அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கினாள். மகனின் வாயைப் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

விலிமோனே பக்கத்திலேயே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். அவனைத் தேற்ற வேண்டுமே என்று இலைத்தியாதான் சொன்னான்: "எங்கப்பனுக்கு ஒரு பல்லு கிடைச்சிருச்சு. எனக்கு இன்னும் நாலு வரணும்." விலிமோனே சிரிக்கத் தொடங்கி, அழுது முடித்தான்.

அடுத்த வாரம் ஆலையின் ஆள் நிர்வாகப் பெண் டெப் விசாரணை வைத்தாள். பூட்டு ஏன் போடவில்லை? கிரெய்க் சொன்னான் என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, பட்டனை அமுக்கியது யார் என்பதுதான். கிரெய்க் விலகிக்கொள்வான், விலிமோனே மாட்டிக்கொள்வான். அவ்வளவும் இலைத்தியாவின் மனதில் ஓடி முடிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

"பட்டனை அமுக்கினது யாரு?"

"நான் பாக்கலை."

அதையே எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டான். அன்று சாயங்காலம் கிரெய்க் ஆறு பீர் பாட்டில்களோடு அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கு வந்தான். "நீ நல்ல மனுஷன்டா," என்று இலைத்தியாவைக் கட்டிப் பிடித்தான். பெரிய உடம்பு. மனசாரத்தான் கட்டிப் பிடித்தான், அதுதான் வேடிக்கை.

வேலையிடத்துக் காயம் என்பதால் இன்சூரன்ஸ் யார் தப்பு என்று கேட்கவில்லை. எலும்பு, திருகு, பல் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கொடுத்தது. நவம்பர் கடைசியில் எலும்பு வைத்தார்கள். ஜனவரியில் ஆலையிலிருந்து கடிதம் வந்தது. ஊழியர் தாமே ஒப்புக்கொண்ட கடுமையான பாதுகாப்பு விதிமீறல் காரணமாக ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. பிப்ரவரி இருபத்தேழாம் தேதி விமானம்.

இலைத்தியா கடிதத்தோடு டெப்பின் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"எனக்கு மே கடைசியில டாக்டர்கிட்ட தேதி இருக்கு. மூணு மாசம் மட்டும் இருக்க விடுங்க."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு இலைத்தியா. உங்க விசா ஆலையோட ஒட்டினது. ஆலையில வேலை இல்லைன்னா விசாவும் இல்லை."

"அப்ப ஏதாவது ஒரு வேலை கொடுங்க. தோல் கிடங்கைக் கழுவுறேன். சம்பளமே வேண்டாம்."

"சம்பளம் இல்லாம வேலை வாங்குறது இந்த நாட்டுல சட்டப்படி குற்றம்," என்றாள் டெப். அவள் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே அதிர்ந்துபோயிருந்தாள்.

"இன்சூரன்ஸ் ஒப்புதல் கொடுத்திருக்காங்களே?"

"அது அடுத்த வருஷம் வரைக்கும் செல்லும். இங்க வந்து செஞ்சுக்கிட்டா அவங்க கட்டிடுவாங்க. நீங்க ஊர்லேருந்து மறுபடியும் மனு போடுங்க, வேற ஆலைக்கு. நான் உங்களைப் பத்தித் தப்பா ஒண்ணும் எழுத மாட்டேன்."

இலைத்தியா நன்றி சொல்லிவிட்டு வந்தான்.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் விலிமோனே ரத்தம் பட்ட பூட்ஸோடு டெப்பின் அறைக்குப் போனான். பட்டனை அமுக்கியது நான், அமுக்கச் சொன்னது கிரெய்க், பூட்டு வேண்டாமென்றதும் கிரெய்க் என்று ஒரே மூச்சில் கொட்டினான். டெப் பேனாவைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இதை நான் எழுதணுமா, விலிமோனே? எழுதினா கிரெய்க்கைக் கூப்பிடணும். அவர் இல்லைன்னு சொல்வார். இலைத்தியா கையெழுத்துப் போட்ட தாள் இருக்கு. அது பொய்யின்னு ஆகும். நீங்க மூணு மாசமா மறைச்சதும் வெளியில வரும். ஊருக்கு ஒரு டிக்கெட்டுக்குப் பதிலா ரெண்டு டிக்கெட் போட வேண்டியிருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க. எழுதட்டுமா?"

விலிமோனேவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு இதயத்தில் ஓட்டை. மருந்து மாதா மாதம் இவன் அனுப்பும் காசில்தான் ஓடுகிறது. சுவரில் தொங்கிய பாதுகாப்புப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எழுத வேண்டாம்," என்றான்.

வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்து வெகுநேரம் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். இலைத்தியா உள்ளே மரவள்ளிக் கிழங்கை வேகவைத்து, கரண்டியால் கூழாக மசித்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியே அந்த முதுகைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"சொல்லிட்டியா?"

"சொன்னேன். அப்புறம் எழுத வேண்டாம்னுட்டேன்." திரும்பாமலே பேசினான். "என்னைத் திட்டு மச்சான். ரெண்டு அடி அடி. சும்மா இருக்காத."

"எப்படி அடிக்கிறது? உங்கப்பன் கொடுத்த பல்லு எங்க வீட்டுல தொங்குதே."

சொல்லிவிட்டு இலைத்தியா கிழங்கை மசித்தான். விலிமோனே மேல் கோபம் வரவில்லை. கிரெய்க் மேல்கூட அவ்வளவாக வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அப்பா மேல்தான் வந்தது. ஆயிரம் மைல் தள்ளி, தன்னை ஒரு வார்த்தை கேட்காமல், கைதட்டி எல்லாவற்றையும் முடித்துவிட்டாரே என்று வந்தது. அப்பாவுக்கும் வேறு வழி இல்லை என்று தெரிந்திருந்ததால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் தவித்தான். கிழங்கு எப்போதோ மசிந்துவிட்டிருந்தது.

ஊருக்குப் போன பிறகு அவன் அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. மனைவி லோசலினிக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவள் மீனை முள்ளெடுத்து, தேங்காய்ப்பாலில் குழைத்துக் கொடுத்தாள். முதல் ஞாயிறு பாட்டுக்குழுவில் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்றான். மறுமுறை கூப்பிடவில்லை. தோட்டத்தில் வேலை செய்யும்போது, யாரும் பார்க்காதபோது, நாக்கால் ஈறைத் தடவிப் பார்ப்பான். முதலில் மெத்தென்று இருந்த இடம் மார்ச்சில் கொஞ்சம் இறுகியது. மே மாதத்தில் நல்ல கெட்டி.

"வளந்திருச்சு பாரு," என்று ஒரு நாள் லோசலினியின் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினான்.

அவள் அழுத்திப் பார்த்தாள். "வளந்து?" என்றாள்.

"ஆகஸ்ட்ல சுவாவில ஆலைங்களுக்கு ஆள் எடுக்கிறாங்க. பிரிஸ்பேன் பக்கம் போயிட்டா அங்கேயே முடிச்சுக்கலாம். இன்சூரன்ஸ் கட்டிடும். டாக்டர் ஒரு வருஷம்னுதானே சொன்னா? நவம்பர் வரைக்கும் இருக்கு."

"வாயைப் பொத்திக்கிட்டுப் பேசாதீங்க. யாராச்சும் கேட்டா நேரா பாத்துச் சொல்லுங்க," என்றாள் லோசலினி.

ஆகஸ்டில் படகேறித் தலைநகர் சுவாவுக்குப் போனான். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தேர்வு. இருநூறு பேர் வந்திருந்தார்கள், எடுக்கப் போவது முப்பது. இருபது கிலோ மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தை ஆறு சுற்று ஓடச் சொன்னார்கள். இலைத்தியா மூன்றாவதாக வந்தான், தன்னைவிடப் பத்து வயது இளையவர்களை முந்திக்கொண்டு. கத்தியைப் பிடிக்கச் சொன்னார்கள். தீட்டச் சொன்னார்கள். அவன் தீட்டிய விதத்தைப் பார்த்து, தேர்வு செய்ய வந்திருந்த வெள்ளைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிவிட்டு அவன் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டார். இலைத்தியா அதைப் பார்த்தான். லோசலினி சொன்னபடி அவர்கள் கேட்டதற்கெல்லாம் கையை இறக்கி, நேராகப் பார்த்துப் பதில் சொன்னான். பத்து மாதத்தில் முதல் முறையாக, பல் வந்த பின் தன் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தான்.

கடைசியாக மருத்துவ மேசை. டாக்டர் இளம்பெண், அவர்கள் பக்கத்துத் தீவுக்காரி. ரத்த அழுத்தம், காது, முதுகு, முழங்கால் எல்லாம் பார்த்து டிக் போட்டாள்.

"வாயைத் திறங்க அண்ணே."

திறந்தான். விளக்கை அடித்துப் பார்த்தவள் கையுறை போட்ட விரலால் ஈறை அழுத்தினாள். ஒரு முறை, இன்னொரு முறை. அவள் முகம் மலர்ந்தது.

"யாரு செஞ்சது இதை?"

"பிரிஸ்பேன்ல ஒரு டாக்டரம்மா."

"மெலே, இங்க வந்து பாரு," என்று நர்ஸைக் கூப்பிட்டாள். நர்ஸும் வந்து எட்டிப் பார்த்தாள். "எவ்வளவு அழகா சேர்ந்திருக்கு பாரு. படத்துலதான் பாத்திருக்கேன். நம்ம பக்கம் இதைச் செய்ய, மேல பல்லு நட ஆளே கிடையாது. அண்ணே, எலும்பு கல்லு மாதிரி இருக்கு. பல்லை வைக்கிறது ஒண்ணுதான் பாக்கி."

"அதுக்குத்தான் போறேன் டாக்டர்."

அவள் படிவத்தைப் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பினாள். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"அண்ணே, பாதியில நிக்கிற சிகிச்சையோட யாரையும் அனுப்பக் கூடாதுன்னு போட்டிருக்கு. முடிச்சுட்டு வரணும்."

"எங்க முடிக்கிறது?"

அவள் பேனாவை எடுத்தாள். கட்டத்துக்குள் எழுதினாள். எழுத்து அழகாகவும் சின்னதாகவும் இருந்தது: முன் மேல் தாடை, எலும்பு மிக நன்று, சிகிச்சை முடியவில்லை, இம்முறை தகுதியில்லை. முத்திரையை மையில் தோய்த்து அடித்தாள். அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டாள்.

அடுத்த ஆள் வந்து நின்றுவிட்டான். இலைத்தியா நகரவில்லை. விளக்கு அணைந்த பிறகும் தலையை அண்ணாந்து வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தான்.

நர்ஸ் அவன் தோளை மெல்லத் தொட்டாள்.

"மூடிக்கலாம் அண்ணே," என்றாள்.